தொழுநோய் அருகிய ஊரில்

2001 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் தொழுநோய்க் கிருமியின் முழு மரபணு வரிசை வெளியானது. பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் கோலின் குழுவும் இங்கிலாந்தின் சாங்கர் மையமும் சேர்ந்து படித்து முடித்த அந்தக் கிருமி வகைக்கு 'டி.என்.' என்று பெயர். தமிழ்நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள் அவை. நம் மாநிலத்து நோயாளி ஒருவரின் உடலிலிருந்து எடுத்த கிருமியை ஆர்மடில்லோ என்ற அமெரிக்க விலங்கின் உடலில் பெருக்கி, அதிலிருந்து மரபணுவைப் பிரித்துப் படித்தார்கள். உலகில் எங்கே தொழுநோய்க் கிருமியை ஆராய்ந்தாலும் இன்றுவரை இந்தத் தமிழ்நாட்டு வகையோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறார்கள்.

அதே தமிழ்நாட்டில் ஓர் இளம் மருத்துவர் தொழுநோயைப் பாடப்புத்தகப் படத்தில் மட்டும் பார்த்துவிட்டுப் பட்டம் பெற்று வெளியே வருவது இன்று நடக்கக்கூடிய காரியம். அவர்மேல் குற்றமில்லை. ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் இருந்த நோய் பத்தாயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகச் சுருங்கிவிட்டது. இது பெரிய சாதனை. ஆனால் நோய் குறையும்போது அதைக் கண்டுபிடிக்கும் கண்ணும் விரலும்கூடக் குறைகின்றன. மிச்சமிருக்கும் நோயாளிகள் முன்பைவிடத் தாமதமாகவே சிகிச்சைக்கு வந்துசேரும் ஆபத்து இங்கேதான் பிறக்கிறது. மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது, நோய் முழுக்கக் குணமாகிறது. அப்படியிருந்தும் ஒருவர் விரல் மடங்கிப்போய் வந்து நின்றால், அதற்கு யாரும் அவரைச் சந்தேகித்துப் பார்க்காததுதான் காரணம்.

ஆரணியை வைத்து இதைப் பேசலாம் என்று தோன்றுகிறது. அங்கே இந்த நோய் மிகுதி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் இந்த ஊரும், தேவிகாபுரம் போன்ற சுற்றுவட்டாரமும் பட்டு நெசவால் பிழைப்பவை. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு, விரல் நுனியின் உணர்வை நம்பி நெய்யப்படுவது. கச்சாப் பட்டின் ஓர் இழை பொதுவாக 20/22 டெனியர் கனம். அப்படியென்றால் ஒன்பது கிலோமீட்டர் நீள இழையை நிறுத்தால் இருபது, இருபத்திரண்டு கிராம்தான் இருக்கும். அதை இரட்டித்தோ மூன்றாக முறுக்கியோ பாவு ஓட்டுகிறார்கள். குழித்தறியில் உட்கார்ந்தவரின் ஒரு கை நாடாக் கயிற்றை இழுக்க, மறு கை அச்சைத் தள்ளி அடிக்க, பள்ளத்துக்குள் இரண்டு கால்களும் மிதிக்கட்டையை அழுத்திக்கொண்டிருக்கின்றன. இழை அறுந்தால் கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரியும். தோலில் தொடங்கி நரம்பில் முடியும் ஒரு நோய் இப்படிப்பட்ட உடலில் வந்தால் என்ன ஆகும் என்பது வெறும் மருத்துவக் கேள்வி மட்டும் இல்லை.

ஒரு நெசவாளரைக் கற்பனை செய்துகொள்வோம். வலது முன்கையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெளிறிய தேமல். அரிப்பதில்லை, வலிப்பதில்லை. மருந்துக்கடையில் கேட்டால் படைக்கு என்று ஒரு களிம்பு தருவார்கள். அதில் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும். தேமல் சற்று அடங்கினாற்போல் இருக்கும். 'கேட்டுவிட்டது' என்று தோன்றும். ஒரு வருடம் போகும். பிறகு சுண்டுவிரல் பக்கம் மதமதவென்று இருக்கும். தறியில் உட்கார்ந்தே இருப்பதால் என்று அவர் நினைப்பார். கழுத்து எலும்பு தேய்மானம் என்று ஒருவர் சொல்வார். சர்க்கரை இருக்கிறதா என்று இன்னொருவர் ரத்தம் எடுப்பார். சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக இருந்துவிட்டால் தேடல் அங்கேயே நின்றுவிடும். இந்த வட்டாரத்தில் ஐம்பது வயது தாண்டியவரின் மரத்துப்போன கால் என்றாலே நினைவுக்கு வருவது 'சுகர்'. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். சரியாக இருப்பதுதான் சிக்கல். நூறு பேரிடம் சரியாகப் பொருந்திய விடையை நூற்று ஓராவது ஆளிடம் மறுபடி கேள்வியாக்கிப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

இந்த நோய் ஏன் இவ்வளவு மெல்ல நகர்கிறது என்று கேட்டால் விடை கிருமியிடமே இருக்கிறது. 1873-இல் நார்வேயின் பெர்கன் நகரில் அர்மாவர் ஹான்சன் நுண்ணோக்கியில் கண்ட இந்தக் கோல் வடிவக் கிருமி, தான் இரண்டாகப் பிரிய ஏறத்தாழ 12 முதல் 14 நாள் எடுத்துக்கொள்கிறது. குடலில் வாழும் ஈ.கோலி பாக்டீரியா இதே வேலையை இருபது நிமிடத்தில் முடிக்கும். காசநோய்க் கிருமிக்குக்கூட ஒரு நாள் போதும். அதனால் கிருமி உள்ளே புகுந்து அடையாளம் வெளியே தெரிய சராசரியாக ஐந்து ஆண்டு ஆகிறது. இருபது ஆண்டு ஆனதும் உண்டு. யாரிடமிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைக்காமல் போவது இதனால்தான்.

டி.என். வகையின் மரபணு வரிசை இந்த மந்தத்துக்கு ஒரு விளக்கம் தந்தது. காசநோய்க் கிருமிக்குச் சுமார் 4,000 மரபணுக்கள் வேலை செய்கின்றன. அதன் நெருங்கிய உறவான தொழுநோய்க் கிருமியிடம் வேலை செய்பவை சுமார் 1,600 மட்டுமே. இன்னும் 1,100-க்கு மேற்பட்டவை உருக்குலைந்து, எழுத்து மட்டும் மிஞ்சிய செத்த மரபணுக்களாகக் கிடக்கின்றன. உணவைத் தானே தேடிக்கொள்ளும் திறனைப் படிப்படியாக இழந்து, மனித உயிரணுவுக்குள் அடைக்கலமாகி வாழும் கிருமி இது. ஆய்வகத் தட்டில் இதை யாராலும் இன்றுவரை வளர்க்க முடியவில்லை. 1960-இல் ஷெப்பர்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் எலியின் பாதத்தில் வளர்த்துக் காட்டினார். 1971-இல் ஆர்மடில்லோ வந்தது. பாதமும் ஆர்மடில்லோவும் பொருந்தியதற்குக் காரணம் குளிர்ச்சி. இந்தக் கிருமிக்குப் பிடித்த வெப்பம் 27 முதல் 33 டிகிரி செல்சியஸ். நம் உடலின் உள்பகுதி அதற்கு மிகவும் சூடு. காது மடல், மூக்கு, புருவம், தோல், தோலுக்குச் சற்றே கீழே ஓடும் நரம்புகள் ஆகியவை அதற்குத் தோதானவை. நோயின் வரைபடத்தை இந்த ஒரு செய்தியிலிருந்தே பாதி வரைந்துவிடலாம்.

நரம்பு இழைகளைச் சுற்றி, மின்கம்பியின் மேலுறை போல, ஷ்வான் செல்கள் இருக்கின்றன. கிருமி அந்தச் செல்களுக்குள் போய்த் தங்குகிறது. பிறகு நடப்பதை முடிவு செய்வது பெருமளவும் நம் உடலின் எதிர்ப்பாற்றல்தான். நூற்றில் 95 பேருக்கு இயல்பாகவே எதிர்ப்பு இருப்பதால் கிருமி வந்தாலும் நோய் வருவதில்லை. மிச்சமிருப்பவர்களில் சிலருக்கு எதிர்ப்பு வலுவானது: கிருமி மிகக் குறைவு, தேமல் ஒன்றிரண்டுதான், ஆனால் கிருமியை அழிக்கப்போன படை நரம்பையும் சேர்த்து அழித்துவிடுவதால் அந்தத் தேமலில் உணர்ச்சி சீக்கிரம் போய்விடும். வேறு சிலருக்கு எதிர்ப்பே இல்லை: கிருமி கோடிக்கணக்கில் பெருகும், ஆனால் நரம்பு மெதுவாகத்தான் சாகும், தோலில் உணர்ச்சியற்ற தேமல் என்று காட்ட எதுவும் இருக்காது. 1966-இல் ரிட்லியும் ஜாப்ளிங்கும் இந்த இரண்டு முனைகளையும் சேர்த்து ஐந்து படிகள் வைத்து நோயை வகைப்படுத்தினார்கள். ஒரே கிருமி, ஆளுக்கு ஆள் வேறு நோயாகத் தோன்றுகிறது. பழக்கமில்லாத மருத்துவரை இது முதலில் ஏமாற்றுகிறது.

கிருமி மிகுந்த இரண்டாவது வகைதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. 'உணர்ச்சியற்ற தேமல்' என்று ஆரம்ப சுகாதார நிலையச் சுவரில் எழுதியிருப்பதைப் படித்துத் தன் உடம்பைப் பார்க்கிறவர் அப்படி ஒன்றும் இல்லை என்று நிம்மதியடைந்துவிடுவார். அவருக்கு இருப்பது முகத்தில் எண்ணெய்ப் பளபளப்பு, தடித்த காது மடல், வெளி ஓரத்தில் உதிரும் புருவம், நாள்பட்ட மூக்கடைப்பு, சில சமயம் மூக்கில் ரத்தம், மாலையில் வீங்கும் பாதம். மூக்கடைப்புக்குக் காது மூக்கு தொண்டை மருத்துவர், கால் வீக்கத்துக்குச் சிறுநீரகப் பரிசோதனை என்று தனித்தனியாகப் போய்க்கொண்டிருப்பார். மூச்சு வழியாகப் பிறருக்கும் நோய் பரவுவது பெரும்பாலும் இவரிடமிருந்துதான். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பது தவறான பயம். பல காலம் நெருங்கி வாழ்ந்தவர்களுக்கே வாய்ப்பு. தறியும் அடுப்பும் படுக்கையும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வீட்டில் அந்த நெருக்கம் இயல்பாகவே அமைகிறது.

நோயை உறுதி செய்ய மூன்று அடையாளங்களில் ஒன்று போதும் என்பது உலகமெங்கும் ஏற்றுக்கொண்ட விதி. திட்டவட்டமாக உணர்ச்சி போன தேமல். தடித்த நரம்பும் அந்த நரம்பு போகும் இடத்தில் உணர்வு இழப்போ தசைத் தளர்ச்சியோ. தோலைக் கீறி எடுத்த திசுநீரில் கிருமி. முதல் இரண்டுக்கும் ஆய்வகமே வேண்டாம். தேமலுக்கு ஒரு பஞ்சுத் திரி, கைகாலுக்கு ஒரு பால்பாயின்ட் பேனா. இதையும் முறைப்படி செய்ய வேண்டும். முதலில் கண் திறந்திருக்கும்போது நல்ல தோலில் தொட்டுக் காட்ட வேண்டும். பிறகு, "அண்ணே, கண்ணை மூடிக்குங்க, நான் தொட்ட இடத்தை விரலால காட்டுங்க" என்று சொல்லி, மாற்றி மாற்றித் தொட வேண்டும். 'தெரியுதா, தெரியுதா' என்று ஒவ்வொரு தொடுதலுக்கும் கேட்டால் மரியாதைக்காகவே ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். முகத்தில் உணர்வு நரம்புகள் நெருக்கமாக இருப்பதால் அங்கே இந்தச் சோதனையை நம்ப முடியாது. இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் நைலான் இழைகள் இருக்கின்றன: தோலில் வைத்து வளையும் வரை அழுத்தினால் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட எடையைத் தரும். உள்ளங்கைக்கு 200 மில்லிகிராம், உள்ளங்காலுக்கு 2 கிராம் என்பது வழக்கமான அளவு. 200 மில்லிகிராமை உணராத விரல் பட்டிழையையும் உணராது.

நரம்பைத் தடவிப் பார்ப்பது இன்னும் நுட்பமான வேலை. முழங்கையின் உள்பக்க எலும்புக்குப் பின்னால் இருக்கும் குழியில் அல்னார் நரம்பு ஓடுகிறது. மேசை விளிம்பில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீரென்று ஏறுமே, அந்த இடம். முழங்காலுக்குக் கீழே வெளிப்புற எலும்பின் தலையில் இன்னொன்று. இரண்டு பக்கமும் ஒப்பிட்டுத் தடவ வேண்டும், தடவும்போது நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வலித்தால் அங்கே தெரியும். இயல்பான நரம்பு எவ்வளவு தடிமன் என்பதைப் புத்தகம் சொல்லாது. நூறு நல்ல முழங்கைகளைத் தொட்ட விரலுக்குத்தான் நூற்றோராவது தடித்திருப்பது தெரியும். இந்தியாவில் தோலில் எந்த அடையாளமும் இல்லாமல் நரம்பில் மட்டும் வரும் தொழுநோயும் உண்டு. அங்கே தொட்டுப் பார்க்கும் விரல்தான் முதல் துணை.

இதற்கெல்லாம் பதிலாக ஒரு ரத்தப் பரிசோதனை இருந்தால் போதுமே என்று கேட்கலாம். கிருமியின் மேலுறையில் இருக்கும் ஒரு கொழுப்புப் பொருளுக்கு எதிரான எதிர்ப்புப் புரதத்தைக் காட்டும் சோதனைகள் இருக்கின்றன. ஆனால் கிருமி குறைந்த நோயாளிகளில் பலரை அவை தவறவிடுகின்றன. நோயே இல்லாதவர்களில் சிலருக்கு நோய் இருப்பதாகக் காட்டுகின்றன. இரண்டாவது குறை, நோய் அரிதான இடத்தில் எப்படிப் பெரிதாகிறது என்பதைக் கணக்காகப் பார்ப்போம். ஒரு லட்சம் பேர் வாழும் ஊர். கண்டுபிடிக்கப்படாத நோயாளிகள் பத்துப் பேர். நோயாளிகளில் நூற்றுக்கு 90 பேரைப் பிடிக்கிற, நலமானவர்களில் நூற்றுக்கு 5 பேரை மட்டும் தவறாகக் காட்டுகிற ஒரு நல்ல சோதனை கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஊர் முழுக்கச் செய்தால் உண்மையான நோயாளிகள் 9 பேர் கிடைப்பார்கள், நோயில்லாதவர்கள் சுமார் 5,000 பேர் உடன் வருவார்கள். சோதனையில் 'உண்டு' என்று வந்த ஏறத்தாழ 550 பேரில் ஒருவருக்குத்தான் நோய். தொழுநோய் என்று ஐயாயிரம் குடும்பங்களுக்குச் சீட்டு அனுப்பினால் அந்த ஊர் என்ன ஆகும்!

அதே சோதனையை நோயாளிகளின் வீட்டார், அக்கம்பக்கத்தார் என்று ஆயிரம் பேரிடம் மட்டும் செய்வோம். அவர்களில் பத்துப் பேருக்கு நோய் இருப்பதாகக் கொண்டால் 9 பேர் பிடிபடுவார்கள், தவறாக வருபவர்கள் சுமார் 50 பேர்தான். ஆறேழு பேரில் ஒருவர் உண்மையான நோயாளி. சோதனை மாறவில்லை, தேடும் இடம் மாறியது. நோய் அருகிய ஊரில் யாரைச் சந்தேகிப்பது என்பதுதான் முதல் பரிசோதனை. கருவியும் ரசாயனமும் அதற்குப் பிறகு வருகின்றன. குடும்பத்தில் முன்பு யாருக்காவது இருந்ததா, எந்த ஊரில் வளர்ந்தார், எவ்வளவு நாளாக இந்தத் தேமல் என்று கேட்கும் மூன்று கேள்விகள் ஆய்வகத்தின் வேலையைச் செய்கின்றன.

ஆரணி 1989 வரை பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. இந்தியாவில் தொழுநோய் மிகுந்திருந்த மாவட்டங்களில் அதுவும் ஒன்று. அதனாலேயே இந்த நோய் பற்றிய உலக அறிவின் ஒரு பெரும் பங்கு ஆரணியிலிருந்து எட்டிவிடும் தொலைவில் உருவானது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை, காட்பாடிக்கு அருகே 1955-இல் தொடங்கிய கரிகிரி ஷெஃப்லின் ஆய்வு மையம், கிழக்கே செங்கல்பட்டு திருமணியில் லேடி வில்லிங்டன் மருத்துவமனையாகத் தொடங்கி 1955-இல் மத்திய அரசின் ஆய்வு நிறுவனமான மையம், மதுராந்தகம் பக்கம் பொலம்பாக்கத்தில் அதே ஆண்டு பெல்ஜியத்திலிருந்து வந்து இறங்கிய ஹெமரிக்ஸ் என்ற மருத்துவர். காங்கோவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவர் அவர். நோயாளிகளை மதில் சுவருக்குள் கொண்டுவருவதற்குப் பதிலாக, ஊர் ஊராக வண்டியில் போய், குறித்த நாளில் குறித்த மரத்தடியில் உட்கார்ந்து மாத்திரை கொடுத்தார். அவரோடு வந்த கிளேர் வெல்லு என்ற பெண் மருத்துவர் இந்தியக் குடியுரிமை பெற்று இங்கேயே வாழ்ந்தார்.

அந்தக் காலத்துத் தொழுநோய்ப் பணியாளர்களை நினைத்தால் எனக்கு மிகுந்த மரியாதை வருகிறது. மருத்துவர்கள் இல்லை அவர்கள்; சில மாதப் பயிற்சி பெற்று, சைக்கிளில் கிராமம் கிராமமாகப் போய், வீட்டுக்கு வீடு ஆட்களின் முதுகையும் முழங்கையையும் பார்த்தவர்கள். கரிகிரி மையம் குடியாத்தம் தாலுகாவில் 1960-களிலிருந்து நடத்திய கட்டுப்பாட்டுப் பணி இப்படிப்பட்டவர்களின் கால்களில் நடந்தது. தேமலை வெயிலில் திருப்பிப் பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்லக்கூடியவர்கள் அவர்களில் பலர். 2005 டிசம்பரில், பத்தாயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கை இந்தியா எட்டியது. அதற்குள் தொழுநோய்க்கென்று தனியாக இருந்த அமைப்பு பொது சுகாதாரத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. இணைத்தது நியாயமான முடிவு. நோயாளியைத் தனியாகப் பிரித்து நிறுத்தாத முறை அது. ஆனால் அந்தப் பணியாளர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றபோது அவர்கள் விரலில் இருந்த அறிவை யாருக்கும் மாற்றிக் கொடுக்கவில்லை. இதை நாம் சரியாகச் செய்யவில்லை என்றே நினைக்கிறேன். 2022-23-இல் இந்தியாவில் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். உலகின் புது நோயாளிகளில் பாதிக்கு மேல் இங்கேதான். இலங்கை இதே இலக்கை 1995-இலேயே எட்டியது. அங்கும் ஆண்டுதோறும் புதியவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

சிகிச்சை இப்போது நேரானது. 1940-களில் வந்த சல்ஃபோன் மருந்துகளும் அவற்றில் விலை குறைந்த டாப்சோனும்தான் முதல் உண்மையான மருந்து. ஆண்டுக்கணக்கில், சிலர் ஆயுள் முழுக்கச் சாப்பிட்டார்கள். 1964-இல் மலேசியாவில் அதற்கு மசியாத கிருமி உறுதியானது. ஒரு மருந்தைத் தப்பும் கிருமி மூன்றையும் ஒருசேரத் தப்புவது அரிது என்ற எளிய கணக்கில் 1981-இல் உலக சுகாதார அமைப்பின் குழு கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது: ரிஃபாம்பிசின், குளோஃபசிமின், டாப்சோன். இப்போது கிருமி மிகுந்தவருக்கு 12 மாதம், குறைந்தவருக்கு 6 மாதம். நான்கு வாரத்துக்கு ஓர் அட்டை. முதல் நாள் மாத்திரையைச் சுகாதாரப் பணியாளர் முன்னிலையில் விழுங்க வேண்டும். ரிஃபாம்பிசின் கிருமியை மிக வேகமாகக் கொல்லும். சிகிச்சை தொடங்கிய சில நாட்களிலேயே அவரிடமிருந்து பரவும் ஆபத்து நின்றுவிடுகிறது. சிறுநீர் சிவக்கும், அது ரிஃபாம்பிசினால். தோல் கறுக்கும், அது குளோஃபசிமினால். நிறுத்திய சில மாதங்களில் மெல்ல மாறும். இந்த இரண்டையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் பேர் அட்டையைப் பாதியில் விட மாட்டார்கள்.

அனுபவமில்லாத இடத்தில் உண்மையான சோதனை மாத்திரை தொடங்கிய பிறகுதான் வருகிறது. கிருமி சாகச் சாக உடலின் எதிர்ப்பு விழித்துக்கொண்டு, அடங்கிக் கிடந்த தேமல்கள் சிவந்து வீங்கலாம், முழங்கை நரம்பு வலித்து ஓரிரு நாளில் சுண்டுவிரல் தளரலாம். இன்னொரு வகையில் காய்ச்சலோடு தோலில் தொட்டால் வலிக்கும் சிவந்த கட்டிகள், மூட்டு வீக்கம், கண் சிவப்பு. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து நிறுத்திவிடுவதுதான் பழகாதவர் செய்வது. நிறுத்தக் கூடாது. மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே பிரெட்னிசலோன் கொடுக்க வேண்டும், அதுவும் உடனே. நரம்பு செயலிழந்து ஆறு மாதத்துக்குள் தொடங்கினால் மீள நல்ல வாய்ப்பு உண்டு. தாண்டிவிட்டால் மிகக் குறைவு. இரண்டாம் வகைக்குத் தாலிடோமைடு நன்றாகக் கேட்கும் என்பதை 1964-இல் ஜெருசலேமில் ஷெஸ்கின் கண்டார். கருவைச் சிதைக்கும் மருந்து என்பதால் குழந்தை பெறும் வயதுப் பெண்களிடம் மிகக் கடுமையான எச்சரிக்கை வேண்டும். இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. முதல் ஐந்தாறு வாரத்துக்குள் காய்ச்சலும் உடல் முழுக்கத் தடிப்பும் மஞ்சள் காமாலையும் வந்தால் அது டாப்சோன் ஒவ்வாமையாக இருக்கலாம். அந்த மருந்தை அன்றே நிறுத்தாவிட்டால் உயிருக்கு ஆபத்து. ஒன்றில் நிறுத்தக் கூடாது, மற்றொன்றில் நிறுத்தியே ஆக வேண்டும். இரண்டையும் பிரித்தறிய, முன்பு பார்த்தவர் ஒருவர் தொலைபேசியிலாவது வேண்டும்.

தாமதமாகிவிட்ட கைகளுக்கும் வழி கண்டவர் நம் மண்ணில் பிறந்தவர்தான். 1914-இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த பால் பிராண்ட் 1946-இல் வேலூருக்கு அறுவை மருத்துவராக வந்தார். செங்கல்பட்டில் மடங்கிய விரல்களோடு இருந்த ஒருவரின் கையைப் பிடித்தபோது அந்தப் பிடியின் வலு அவரைத் திகைக்க வைத்தது. நோய் தசையைத் தின்றுவிடுகிறது என்று அதுவரை நம்பியிருந்தார்கள். முன்கையின் ஆழத்தில் இருக்கும் தசைகள் பெரும்பாலும் நன்றாகவே இருப்பதையும், தோலை ஒட்டி ஓடும் குளிர்ந்த பகுதி நரம்புகளே கெடுவதையும் அவரும் அவர் குழுவும் கண்டார்கள். நல்ல தசையின் நாணை எடுத்து மடங்கிய விரலுக்குப் பொருத்தினார்கள், விரல் நிமிர்ந்தது. விரல்கள் அழுகி உதிர்கின்றன என்ற நம்பிக்கையையும் அவர்கள் உடைத்தார்கள். வலி தெரியாததால் சூட்டிலும் கூர்முனையிலும் நாள்தோறும் படும் காயங்களே விரலைக் குறுக்குகின்றன. மரத்த பாதத்துக்கு அன்று வேலூர் வட்டாரத்தில் பழக்கத்துக்கு வந்த எம்.சி.ஆர். என்ற நுண்துளை ரப்பர் செருப்பை இன்று சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொள்கிறார்கள். பாதம் மரத்த நெசவாளர் தறிப் பள்ளத்துக்குள் வெறுங்காலோடு இறங்கக் கூடாது. மாலையில் உள்ளங்காலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். விலை கேட்காத மருத்துவம் இது.

நோய் உண்மையிலேயே அரிதான நாடுகள் வேறு வழி வைத்திருக்கின்றன. பிரிட்டனில் ஆண்டுக்கு ஒரு சிலருக்கே கண்டறியப்படுகிறது. அந்தச் சிலரும் லண்டன் வெப்பமண்டல நோய் மருத்துவமனை போன்ற ஒன்றிரண்டு இடங்களின் மேற்பார்வைக்குள் வந்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் ஒரு தேசிய மையம் எல்லா மாநில மருத்துவர்களுக்கும் மருந்தும் ஆலோசனையும் தருகிறது. பிராண்ட் 1966-இல் வேலூரிலிருந்து போய்ச் சேர்ந்தது அந்த மையம்தான். அறிவை எல்லோரிடமும் பரப்புவது இயலாதபோது அதை ஓரிடத்தில் அணையாமல் வைத்து, அங்கே போகும் வழியை எல்லோருக்கும் சொல்லிவைப்பது அவர்கள் முறை. நமக்கு வழி சொல்ல வெளியே போக வேண்டியதில்லை. திருவண்ணாமலையில் தொழுநோய்க்கான துணை இயக்குநர் அலுவலகம் இருக்கிறது, கரிகிரி வண்டியில் போய்வரும் தொலைவு. ஆரணியின் தோல் மருத்துவரும் சர்க்கரை மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் மருந்துக்கடைக்காரரும் அந்த இரண்டு இடங்களின் எண்ணை மேசையில் ஒட்டிவைத்திருந்தாலே தாமதம் பாதியாகும் என்பது என் நம்பிக்கை. சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்க வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளர்கள் முன்கையையும் முதுகையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் நல்லது.

தடையாக நிற்பது பயம். பாவு கொடுப்பவருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும், பெண்ணுக்கு வரன் வராது என்று மறைப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. விவாகரத்துக்கு இந்த நோயைக் காரணமாகக் காட்டலாம் என்ற விதி 2019 வரை இருந்தது. சட்டமே இத்தனை காலம் ஒதுக்கிவைத்தபோது தெரு மட்டும் எப்படி மாறியிருக்கும்? பரிசோதிக்கும் அறைக்குக் கதவு இருக்க வேண்டும். வீட்டார் அனுமதி கேட்டு, நோயாளியின் பெயரைச் சொல்லாமலும் பக்கத்து வீட்டைச் சோதிக்க வழி இருக்கிறது. பீகார், ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களையும் சோதிக்க வேண்டும். சந்தேகத்தோடு விரல் நீட்டினால் அவர்கள் ஒளிந்துகொள்வார்கள், அவர்கள் மொழியில் கேட்டால் வருவார்கள்.

ஒருவருக்கு நோய் உறுதியானதும் முதலில் செய்ய வேண்டியது அவரோடு வாழ்பவர்களைத் தலை முதல் கால் வரை பார்ப்பது. அவர்களில் நோய் இல்லாதவர்களுக்கு ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுத்தால் அடுத்த இரண்டு ஆண்டில் நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 57 விழுக்காடு குறைந்ததை வங்கதேசத்தில் நடந்த ஆய்வு 2008-இல் காட்டியது. இந்தியாவும் இப்போது இந்த முறையைக் கடைப்பிடிக்கிறது. பெரியவருக்கு 600 மில்லிகிராம், குழந்தைக்கு எடைக்குத் தக்கபடி. காசநோய் இருக்கிறதா, கல்லீரல் நோய் இருக்கிறதா, கர்ப்பமா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த மாத்திரை முழுப் பாதுகாப்பு தராது என்பதால் வீட்டாரை ஆண்டுக்கு ஒரு முறையாவது மறுபடி பார்க்க வேண்டும், ஐந்து ஆண்டுகளுக்கு. நோயாளி தன் அட்டைகளை முடித்த பிறகும் வர வேண்டும். நரம்பு வீக்கம் சிகிச்சை முடிந்து சில ஆண்டு கழித்தும் வரக்கூடும். நரம்பு வலித்தாலோ, விரல் பழையபடி மடங்கத் தொடங்கினாலோ, பாதத்தில் காயம் வலிக்காமல் இருந்தாலோ, அடுத்த முறை வரும் தேதி வரை காத்திராமல் அன்றே வர வேண்டும் என்று கடைசி அட்டையைக் கொடுக்கும்போது எழுதியும் கொடுக்க வேண்டும்.